தீக்காக்கையைக் கூப்பிட்ட குரல்

மலையில் ஒரு சாமி இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. காடு பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், இது நாங்கு மரம், இது காட்டு ஜாதிக்காய், அந்தா தாவுதே அது கருமந்தி என்று காட்டுவார். அவருக்கு அதுதான் பூசை.

சீடன் ஒரே ஒருத்தன். பேர் மாடக்கண்ணு. காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு வந்து சேர்ந்தவன். குருவைவிட மூத்தவன். அதனால் அவன் இவரைச் சாமி என்பான், இவர் அவனை அண்ணாச்சி என்பார்.

ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து எஸ்தர் டீச்சர் என்று ஓர் அம்மா தனியாக வந்தார்.

"எங்க வீட்டுக்காரங்களுக்குப் பறவைன்னா உசிரு. புத்தகத்துல தீக்காக்கை படத்தைக் காட்டி, ரிட்டையர் ஆனதும் போய்ப் பாப்போம் எஸ்தர்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ரிட்டையர் ஆனாங்க, அந்த வருஷமே போயிட்டாங்க. நானாவது பாத்துட்டுப் போயிருதேன்."

"மூக்குப்பொடி போடுவீங்களா டீச்சர்?" என்றான் மாடக்கண்ணு.

"சேச்சே, என்ன கேக்கீங்க?"

"மூக்குக்கு இல்ல, காலுக்கு. அட்டை ஏறாது."

டீச்சர் சிரித்துவிட்டார். காலில் பொடியைத் தேய்த்துக்கொண்டு மூன்று பேரும் காட்டுக்குள் போனார்கள்.

மலையணில் வந்தது. பாறை இடுக்கில் காட்டு இஞ்சி பூத்திருந்தது. ஒவ்வொன்றையும் டீச்சர் நின்று பார்த்தார். தீக்காக்கை மட்டும் வரவில்லை. அது வழக்கமாக உட்காரும் மரத்தடியில் காத்துக்கிடந்தார்கள். உச்சிப்பொழுதும் தாண்டியது.

"பரவால்ல சாமி. பஸ்ஸை விட்டா வேற பஸ் இல்ல. கர்த்தர் குடுத்தது இவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

சாமி தண்ணீர் பிடிக்க ஓடைப்பக்கம் போனார். மாடக்கண்ணுக்கு மனசு கேட்கவில்லை. செல்போனை எடுத்தான். போன வருஷம் இதே இடத்தில் பதிந்துவைத்த தீக்காக்கைக் குரல் அதில் இருந்தது. ஒரு வேர்மேல் போனை வைத்து, அதை ஓடவிட்டான்.

அடுத்த நிமிஷம் கிளையில் வந்து உட்கார்ந்தது. கருந்தலை, கழுத்தடியில் வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே வயிறு முழுக்கக் குங்குமம். கழுத்தை நீட்டி நீட்டி இலைக்குள் பார்த்தது.

டீச்சருக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "பாத்தீங்களா" என்றார். மாடக்கண்ணு நின்ற பக்கம் பார்த்துச் சொல்லவில்லை. யாரும் இல்லாத மறுபக்கம் பார்த்துச் சொன்னார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "காலையில இருந்து எட்டிப் பாக்கலையே. இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

மாடக்கண்ணு போனை எடுத்துக் காட்டினான். அதற்குள் சாமி தண்ணீரோடு வந்து பின்னால் நின்றார்.

"இது எதோட குரல்?" என்றார் டீச்சர்.

"இதோட பெட்டை டீச்சர். போன வருஷம் சோடியா திரிஞ்சுதுக."

"பெட்டை இப்ப எங்க?"

"மரநாய் கொண்டுபோயிருச்சு."

டீச்சர் அண்ணாந்து கிளையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரங்க குரல் என் போன்ல கிடக்கு. கடையில நின்னுக்கிட்டு, மல்லி வேணுமா புதினா வேணுமான்னு கேட்டு அனுப்புனது. ஒருநா மகன் தெரியாம கை பட்டு அதைப் போட்டுட்டான். நான் அடுப்பை அமத்திட்டு, மல்லி மல்லின்னு சொல்லிக்கிட்டே வந்து வாசக்கதவைத் திறந்துட்டேன்."

டீச்சரைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். ஏறும்போது டீச்சர் மாடக்கண்ணுவின் கையைப் பிடித்து, "நல்லது நினைச்சுத்தான் செஞ்சீங்க" என்றார்.

பஸ் போனதும் சாமி வீட்டுக்குத் திரும்பவில்லை. மறுபடி காட்டுக்குள் நடந்தார். மாடக்கண்ணு பின்னாலேயே போனான். அந்த மரத்தடியில் சாமி உட்கார்ந்தார். அவனும் உட்கார்ந்தான்.

தீக்காக்கை அதே கிளையில்தான் இருந்தது. கூப்பிட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டது. மறுபடி கூப்பிட்டது. மூக்குக்கு முன்னால் ஒரு வெட்டுக்கிளி பறந்து போயிற்று. பறவை அதைப் பிடிக்கப் போகவில்லை.

"ஏசணும்னா ஏசிருங்க சாமி."

"ஏச என்ன இருக்கு அண்ணாச்சி."

"அந்தம்மா அழுததை நீங்க பாக்கல. அம்புட்டுத் தூரம் வந்தவங்களை வெறுமன அனுப்பச் சொல்லுதீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

தூறல் விழ ஆரம்பித்தது. பறவை கிளையை விட்டு இறங்கி, செல்போன் வைத்திருந்த வேர்மேல் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு தாழ அது வந்து மாடக்கண்ணு பார்த்ததே இல்லை. வேரின் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. திரும்பக் கிளைக்கே போய்க் கூப்பிட்டது.

மாடக்கண்ணு செல்போனை எடுத்து அந்தக் குரலை அழித்தான். திரையில் தூறல் பட்டதில் மறுபடியும் அழுத்த வேண்டியிருந்தது.

"அழிச்சிட்டேன் சாமி."

சாமி தலையாட்டினார். மழை வலுத்தது. மேலே அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"இது எப்ப சாமி ஓயும்?"

"அதை டீச்சர்கிட்டல்லா கேட்டிருக்கணும் அண்ணாச்சி" என்றார் சாமி.