அணு வாதமும் அரண்மனை நெய்யும்

கோடைமலை அரசன் இளவழுதியின் பாட்டன் போட்டுவைத்த சட்டம் அது. சபையில் வாதம் செய்யும் பண்டிதர்கள் ஒருமித்து ஒரே வார்த்தை சொல்லும்வரை அவர்களுக்கு அரண்மனைச் சாப்பாடு. அப்புறம் எந்த மடையன் ஒருமித்துப் பேசுவான்?

வந்தார்கள் மூவர். வாதம் அணுவைப் பற்றி.

“அணு ஒரே நேரத்தில் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். நாம் பார்த்தால்தான் ஓரிடத்தில் நிற்கும்” என்றார் சங்கரநாரணர்.

“பார்க்கும்போது உலகமே இரண்டாகப் பிரியும். ஒன்றில் இங்கே, மற்றதில் அங்கே” என்றார் பிச்சாண்டியார்.

“உளறல். அது முதலிலிருந்தே ஓரிடத்தில்தான். நமக்குத்தான் தெரியவில்லை” என்றார் வரதாசாரி.

மூவரும் ஏப்பம் விட்டார்கள். மழைக்காலம் போய்க் கோடையும் வந்தது. ராஜாவின் ரசம் சாதத்துக்கு நெய் இல்லை என்றானபோதுதான் ராஜாவுக்கு ரோஷம் வந்தது.

“மருதப்பா! நாளைக்குள் யார் சொல்வது சரி என்று சொல். இல்லையேல் உன் தலை போகும்.”

அரசவை விகடகவி மருதப்பன், ‘தின்றது அவர்கள், தலை என்னுடையதா?’ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, “அதுவரை சமையல்கட்டுச் சாவி என்னிடம் இருக்கட்டும், பிரபு” என்றான்.

மறுநாள் காலையில் பண்டிதர்களுக்குப் பட்டினி. மத்தியானம் சபையிலேயே மூன்று மூடிய பாத்திரங்கள் வந்தன. சங்கரநாரணர் பாய்ந்து திறந்தார். காலி!

“எங்கேயடா சாப்பாடு?”

“மூடியிருந்தவரை இருந்தது, இல்லாமலும் இருந்தது. நீங்கள் பார்த்துக் கெடுத்துவிட்டீர்கள், சுவாமி” என்றான் மருதப்பன்.

பிச்சாண்டியாருடையதும் காலி. “கவலை எதற்கு? இன்னோர் உலகத்தில் நீங்கள் இந்நேரம் வடை தின்கிறீர்களே!”

வரதாசாரி மூடியைத் தொடவே பயந்தார். “பயப்படாதீர்கள், அது முதலிலிருந்தே காலிதான். உங்களுக்குத்தான் தெரியவில்லை.”

“யார் சொன்னது சரி, அதைச் சொல்!” என்றான் அரசன்.

“விளக்கம் மூன்று, பிரபு. எதை வைத்துப் பார்த்தாலும் பாத்திரம் காலி, மூன்று வயிறும் ஒரே மாதிரி கூவுகிறது. நான் எதை வைத்துப் பிரிப்பேன்?”

“அப்படியென்றால் என் பட்டத்து யானை ஏன் இரண்டு இடத்தில் நிற்பதில்லை?”

“அணுவை யார் கவனிக்கிறார்கள்? யானையை ஊரே வாய்பிளந்து பார்க்கிறது, ஈயும் கொசுவும் வேறு மொய்க்கிறது. எங்கே நழுவும், பாவம்!”

“வாய் மட்டும் நீளம். பெயர் சொல்லவில்லையே. எடுங்கள் இவன் தலையை!”

மருதப்பன் சாவியை விரலில் சுழற்றினான். “பிச்சாண்டியாரே, ஓர் உலகத்தில் என் தலை போகும், இன்னொன்றில் தப்பும். அப்படித்தானே?”

“ஆமாம்.”

“இது எந்த உலகம்? மூவருமே யோசித்துச் சொல்லுங்கள். சாவி என்னிடம் இருக்கிறது. உள்ளே முந்திரிப் பொங்கல் ஆறுகிறது.”

“தலை தப்பிய உலகம்!” என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மருதப்பன் அரசன் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

“ஒருமித்து ஒரே வார்த்தை சொல்லிவிட்டார்கள், பிரபு. சட்டப்படி இவர்கள் சாப்பாடு முடிந்தது.”

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. பொங்கல் முழுக்க மருதப்பனுக்கு, நெய்யோடு.