இருபது சொட்டை தேவை

பேந்தப்பட்டிக்காரர்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதி கட்டுக்கதை. மீதியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அவர்கள் வேலை செய்யும் எவர்சில்வர் டம்ளர் பட்டறைக்கு எதிரே, லாரி எடை போடும் மேடையில் எனக்கு வேலை. அதனால் இந்தக் கதைக்கு நானே சாட்சி. சாட்சி மட்டுமில்லை, இதில் பதினேழாம் நம்பர் சரக்கும் நான்தான். அது எப்படி என்று போகப்போகத் தெரியும்.

செய்து முடித்த டம்ளர்களில் நல்லது கெட்டது பொறுக்கும் வேலையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஸ்திரி சங்கிலிமுத்து, சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர். ஒச்சம்மாள், எதையும் யோசித்துத்தான் தீர்ப்புச் சொல்வார். யோசிக்காமல் சொல்லியிருந்தால் சில நஷ்டங்களைத் தவிர்த்திருக்கலாம். மூன்றாவது ஞானதுரை. அவனுக்குப் பெயரில் ஞானம் உண்டு. மூவருமே தங்கமானவர்கள், யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாது. நினைப்பதே அவர்களுக்குக் கொஞ்சம் சிரமமான காரியம்.

அந்த மாதம் முதலாளி வேலாயுதம் ஒரு கேமரா மெஷின் வாங்கிப் போட்டார். பெல்ட்டில் டம்ளர்கள் வரிசையாகப் போகும். மேலே இருக்கும் கேமரா ஒவ்வொன்றையும் பார்த்து, நல்லதென்றால் பச்சை விளக்கும் நெளிந்ததென்றால் சிவப்பு விளக்கும் போடும். மனுசக் கண் ஏமாந்தாலும் இது ஏமாறாது என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். பாவம், அவர்களுக்குப் பேந்தப்பட்டியைத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய முதலாளி மூவரையும் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். கேன்டீன் நடத்தும் பார்ட்டி இன்றைக்கு வருகிறார். நாலு மணிக்கு இரண்டாயிரம் டம்ளரோடு லாரி கிளம்ப வேண்டும். பச்சை விழுந்தது எல்லாம் ஏற வேண்டும். சிவப்பு விழுந்தது எதுவானாலும் சீட்டுக் கட்டி ஒதுக்குத் தொட்டியில் வைக்க வேண்டும். யார் கெஞ்சினாலும் அது வாசலைத் தாண்டக் கூடாது. போன மாதம் போல ஒரு கெட்ட சரக்கு வெளியே போனாலும் பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவேன், மூவரும் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இருபத்திரண்டு வருஷமாகச் சங்கிலிமுத்துவுக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு டம்ளர்தான். ஞானதுரை எந்தக் கிணறு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டான்.

மெஷினைப் போட்டார்கள். முதல் டம்ளர் சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. நூறு டம்ளர் போயிற்று, நூறும் சிவப்பு. நூறுக்கும் சீட்டுக் கட்டி முடித்துவிட்டு, மெஷின் விற்ற கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் போட்டார்கள். அவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே கேமரா எடுத்த படங்களைப் பார்த்தார். டம்ளர் பளபளவென்று இருக்கிறது, விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிக் கேமராவுக்குக் கண் கூசுகிறது என்றார்.

கண் கூசினால் என்ன செய்வது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஞானதுரை தன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கேமராவுக்கு மாட்டினான். காது இல்லாததால் அது நிற்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், படம் உண்மையிலேயே தெளிந்துவிட்டது. கூச்சம் எப்படிப் போயிற்று என்று இன்ஜினியரே ஆச்சரியப்பட்டார். நாலு பேரோடு பழகினால் போய்விடும் என்று சங்கிலிமுத்து விளக்கினார்.

அடுத்து, வெளியே இருந்து வெயில் வெளிச்சம் உள்ளே வருகிறது, அதைத் தடுத்து இருட்டாக்குங்கள் என்றார் இன்ஜினியர். ஷட்டரை இறக்கி, மெஷின் விளக்கையும் அணைத்துவிட்டு, ஜன்னலுக்குச் சாக்கு அடித்தார்கள். இருட்டிவிட்டதா என்று பார்க்க ஒச்சம்மாள் டார்ச் அடித்தார். நல்ல வெளிச்சமாக இருந்தது. இன்னொரு சாக்கு அடித்துவிட்டு மறுபடி டார்ச் அடித்தார். அப்போதும் வெளிச்சம். ஏழாவது சாக்கு அடிக்கும்போது டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது. இப்போதுதான் சரியான இருட்டு என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மெஷின் விளக்கை மறுபடி போட்டபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. இனி மெஷினைப் பழக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். "சொட்டை இருக்கறது இருபது, சொட்டை இல்லாதது இருபது. ஒண்ணொண்ணாக் கேமராவுக்கு அடியில காட்டுங்க. பார்த்துப் பார்த்து அதுவே கத்துக்கும்."

இங்கேதான் சனி பிடித்தது. இன்ஜினியர் சொன்ன சொட்டை, பாத்திரத்தில் விழும் பள்ளம். பேந்தப்பட்டியில் அதற்கு நெளிசல் என்று பெயர். சொட்டை என்றால் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். அது தலையில் இருக்கும்.

ஒச்சம்மாளும் ஞானதுரையும் மேஸ்திரியின் தலையைப் பார்த்தார்கள். அவர் தடவிப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு இருக்கு. இன்னும் பத்தொம்பது வேணும்" என்றார். ஆனாலும் சந்தேகம் இருக்கக் கூடாதல்லவா? மறுபடி போன் போட்டார்.

"சார், சொட்டை பெருசா இருக்கணுமா, சின்னதாப் போதுமா?"

"எல்லா சைஸும் வேணுங்க. நடுவுல விழுந்தது, ஓரத்துல விழுந்தது, எல்லாம் கலந்து காட்டுங்க."

"எண்ணெய் தடவியிருந்தாப் பரவாயில்லையா?"

"கூடவே கூடாதுங்க. சுத்தமாத் துடைச்சுட்டு வைங்க. கேமரா மேலேருந்துதான் பார்க்கும்."

சொல்லிவிட்டு இன்ஜினியர் சாப்பிடப் போய்விட்டார். இதற்குமேல் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஒச்சம்மாள் கிளம்பிவிட்டார். டீக்கடை, வெல்டிங் பட்டறை, டயர் கடை என்று ஒரு தலையை விடவில்லை. எடைமேடைக்கு வந்து என்னைப் பார்த்தவர், "உங்க தலையை அஞ்சு நிமிசம் குடுங்கண்ணே, மூணு குடும்பம் பிழைக்கும்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. என் தலையால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று என் வீட்டில்கூட யாரும் சொன்னதில்லை.

பெல்ட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து கேமராவுக்கு அடியில் தலையை நீட்ட வேண்டும். ஞானதுரை துண்டால் துடைத்துவிடுவான். சங்கிலிமுத்து, "இது சொட்டை, சிவப்பு" என்று மெஷினுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிப் பட்டனை அழுத்துவார். சொட்டையில் நான் பதினேழாவது. பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முடி உள்ள தலை இருபதும் சுலபமாகக் கிடைத்துவிட்டது. சொட்டையில் ஒன்று குறைந்தது. அந்த நேரம் பார்த்து, திருப்பதிக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்திருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"இவரைச் சேர்த்துக்கலாம்ணே," என்றான் ஞானதுரை. "முடி இல்லைல்ல."

"மொட்டை வேற, சொட்டை வேற தம்பி," என்றார் ஒச்சம்மாள். "மொட்டை சாமிக்கு நாமளாக் குடுத்தது. சொட்டை அதுவாப் போனது."

"கேமராவுக்கு அது எப்படிக்கா தெரியும்?"

"தெரியாது. அதுக்காக அதை நாம ஏமாத்தலாமா?"

சங்கிலிமுத்து நெடுநேரம் யோசித்தார். மொட்டையில் இரண்டு மாதத்தில் முடி வளர்ந்துவிடும், அப்புறம் இவரைப் பார்த்தால் மெஷின் நம்மைப் பொய்யர்கள் என்று நினைக்கும் என்று தீர்ப்பளித்தார். வாட்ச்மேன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஓரத்து முடியை இழுத்து நடுவில் படியவைத்திருந்த டீக்கடைக்காரர்தான் காப்பாற்றினார். ஏற்கெனவே அவரை முடி உள்ளவர்களில் காட்டியாகிவிட்டது. இப்போது முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொட்டையிலும் காட்டினார்கள்.

பிறகு டம்ளர்களை விட்டார்கள். முதல் டம்ளருக்கே பச்சை. மேலிருந்து பார்த்தால் டம்ளருக்குள் இருட்டாகத்தானே தெரியும்? கேமராவுக்கு அது கறுகறுவென்று அடர்ந்த முடி. நேரானது, நெளிந்தது, காலையில் சீட்டுக் கட்டிய நூறு, எல்லாமே பச்சை. சங்கிலிமுத்து கண் கலங்கி மெஷினைத் தொட்டுக் கும்பிட்டார். மூன்றரை மணிக்குள் இரண்டாயிரமும் லாரியில் ஏறிவிட்டன.

பார்ட்டி வந்து சேர்ந்தார். பெயர் கேசவமூர்த்தி, தலையில் தொப்பி. மேலாக இருந்த ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு, நெளிந்திருக்கிறதே என்றார். பச்சை விழுந்த டம்ளர் நெளிய வழியே இல்லை என்று ஒச்சம்மாள் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்படி என்ன மெஷின், நான் பார்க்கிறேன் என்று அவர் உள்ளே வந்தார். ஏழு சாக்குப் புழுக்கம். தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தவர், பெல்ட்டின்மேல் குனிந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார் சிவப்பு" என்றான் ஞானதுரை, மெல்லிய குரலில்.

"பெரிய மனுசன்ணே. எப்படி ஒதுக்கறது?" என்றார் ஒச்சம்மாள்.

"எதுவானாலும்னு முதலாளி சொல்லியிருக்காரும்மா. ஒரு சிவப்பு வெளியே போனாலும் நம்ம சோறு போச்சு."

மரியாதைக்குக் குறைவில்லாமல் அவரைத் தூக்கி ஒதுக்குத் தொட்டியில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானில் சீட்டுக் கட்டினார்கள். கெஞ்சினாலும் விடக் கூடாது என்பது உத்தரவு. அவரோ கெஞ்சவே இல்லை, திட்டத்தான் செய்தார்; ஆகவே யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சரியாக நாலு மணிக்கு லாரி புறப்பட்டது. எடைமேடையில் சீட்டுப் போட்டு அனுப்பியவன் நான்தான். அனுப்பிவிட்டு, வேடிக்கை பார்க்கப் பட்டறைக்குள் போனேன்.

ஐந்து நிமிஷத்தில் முதலாளியின் போன் வந்தது. இரண்டாயிரமும் பச்சை, ஒரே ஒரு சிவப்பு என்று சங்கிலிமுத்து பெருமையாகச் சொன்னார். கல்யாண மேளச் சத்தத்துக்கு நடுவே முதலாளி சிரித்தது எனக்கே கேட்டது.

"ஒண்ணுதானா? சபாஷ். தட்டி நிமித்தி, பாலிஷ் போட்டு நாளைக்கு அனுப்பிடு."

ஒச்சம்மாள் தொட்டிக்குள் குனிந்து, கேசவமூர்த்தியின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாலிஷ் நல்லாவே இருக்குண்ணே," என்றார். "தட்டினா மட்டும் போதும்."

ஞானதுரை மரச்சுத்தியலை எடுத்துவரப் போனான்.