ஹைட்ராவின் ஆறு கைகள்

பொருநை ஆற்றங்கரையில் பழைய கல்லூரி ஒன்று. அதன் விலங்கியல் துறையில் பவதாரணி உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. தான் படித்த துறையிலேயே பாடம் சொல்லக் கிடைத்ததைப் பெரும் பேறாக நினைத்தாள். அன்று தனக்குப் பாடம் சொன்ன அன்னபாக்கியமே இன்று துறைத்தலைவராக இருந்ததை அதனினும் பெரிய பேறாக நினைத்தாள்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஆசிரியரிடமும் சில மாணவர்களை ஒப்படைத்துவிடுவார்கள். அவர்களுக்கு அந்த ஆசிரியரே ட்யூட்டர். புதன்கிழமை கடைசி வகுப்பில் பிள்ளைகள் தங்கள் ட்யூட்டரிடம் வந்து குறையைச் சொல்லலாம். மேலே என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று கேட்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக பவதாரணி வாரம் முழுவதும் உழைப்பாள். விலங்கியல் படித்தவர் போகக்கூடிய வழிகளையெல்லாம் அம்புக்குறி போட்டு ஒரு பெரிய சார்ட்டில் எழுதி வைத்திருந்தாள். பி.எட். ஓர் அம்பு. மீன்வளத் துறை ஓர் அம்பு. வனத்துறைத் தேர்வு, ரத்தப் பரிசோதனைக் கூடம், மருந்து நிறுவனம் என்று பல அம்புகள். பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை பிற்பகல் முகம் வாடி ஆய்வகத்துக்குள் வந்தாள். அன்னபாக்கியம் கண்ணாடித் தகடுகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், செகண்ட் இயர் இசக்கிராஜ் டி.சி. கேட்கிறான்."

"ஏனாம்?"

"கோயம்புத்தூர்ல அவன் அத்தானுக்கு செல்போன் கடை இருக்காம். அங்க போறானாம். நாலு மணிக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள எழுதிக் கொடுத்துட்டு ராத்திரி பஸ் ஏறப்போறான். டி.சி. வாங்கிட்டா அந்த இடம் போயிடும் மேடம். திரும்ப வர வழியே இல்ல."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்லலன்னு கேளுங்க! சார்ட்டைக் காட்டி ஒவ்வொண்ணா விளக்கினேன். எல்லாத்துக்கும் 'சரி மேடம்'னான். இன்னைக்கு டி.சி.ங்கிறான். இப்ப என்னைப் பார்த்துச் சொல்லிட்டுப் போக வர்றான். அவனை நிறுத்துறதுக்கு நான் என்ன சொல்லணும் மேடம்?"

அன்னபாக்கியம் ஒரு பழைய தகட்டை எடுத்து, சன்னலோரம் இருந்த நுண்ணோக்கியில் வைத்து, விளக்கைப் போட்டார்.

"இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

தகட்டின் ஓரத்தில் மஞ்சளேறிய சீட்டில் 'ஹைட்ரா' என்று, வாயைச் சுற்றிக் கைகள் கொண்ட சிறு நீருயிரியின் பெயர் எழுதியிருந்தது. பவதாரணி குனிந்து கண்ணை வைத்தாள். வெளிறிய ஒளி வட்டம் ஒன்று தெரிந்தது. அதில் தூசி மாதிரி இரண்டு மூன்று புள்ளிகள். வேறொன்றும் இல்லை. உருவைத் தெளிவாக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். ஆனால் மேடம் சரிசெய்து கொடுத்ததைக் கலைப்பதா? முதலாமாண்டு முதல் நாளிலேயே அந்தத் துறையில் சொல்லித்தருவது, 'ஆசிரியர் வைத்ததைப் பார், திருகைத் தொடாதே' என்பதுதான். அவள் தொடவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"என்ன?"

"ஹைட்ரா."

"கை எத்தனை இருக்கு?"

"ஆறு மேடம்."

அன்னபாக்கியம் தகட்டை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் பவதாரணி. கண்ணாடி துலக்கமாக இருந்தது. உள்ளே இருந்த உயிரி என்றோ கரைந்துபோயிருந்தது. பெயர்ச்சீட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

படிக்கிறவர்களே, அவளைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். மதிக்கிற ஒருவர் பக்கத்தில் நின்று 'தெரிகிறதா' என்று கேட்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் வந்திருக்கிறது?

"ஆறு கைன்னு எண்ணியே சொல்லிட்டியே," என்றார் அன்னபாக்கியம். அவர் குரலில் ஏளனம் இல்லை. "புத்தகத்துப் படத்துலயும் ஆறுதான். ஏழுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பார்த்திருப்பியோன்னு நினைச்சிருப்பேன்."

பவதாரணிக்குக் காது மடல் சுட்டது. அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

இசக்கிராஜ் நெடுநெடுவென்று வளர்ந்தவன். வாசல் நிலை தலையில் இடித்துவிடுமோ என்று குனிந்தே வருபவன். அன்று இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குனிந்திருந்தான்.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்."

பவதாரணியின் நாக்கு நுனியில் அம்புக்குறிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் உள்ளங்கையில் அந்தத் தகடு இன்னும் இருந்தது. அவள் ஒரு முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உட்காரு இசக்கி. நான் இன்னைக்கு எதுவும் சொல்லப் போறதில்ல. நீ சொல்லு. ஏன் போறே?"

"ஒத்து வரல மேடம்."

"எது?"

அவன் அன்னபாக்கியத்தைப் பார்த்தான். அவர் தகடு துடைப்பதில் கவனமாக இருந்தார்.

"எனக்குத் தெரிய மாட்டேங்குது மேடம்."

"பாடமா?"

"பாடமெல்லாம் படிச்சிருவேன்." மைக்ராஸ்கோப்பைத் தாடையால் சுட்டிக் காட்டினான். "அதுல. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. ப்ராக்டிக்கல்ல வரிசையா நிப்போம்லா? முன்னால நிக்கிறவன் பார்த்துட்டு 'ஆகா'ம்பான். அடுத்தவ 'சூப்பர் மேடம்'பா. நான் போய்க் கண்ணை வச்சா, கறுப்பு கறுப்பா கம்பி மாதிரி என்னமோ ஆடும். பின்னால நிக்கிற பய 'ஏலே விஞ்ஞானி, பார்த்தது போதும், நகரு'ம்பான். நீங்க தெரியுதான்னு கேப்பீங்க. தெரியுதும்பேன்."

"கறுப்புக் கம்பியா?"

"ஆமா மேடம். முதல்ல அதுதான் பாடத்துல சொல்றதுன்னு நினைச்சேன். அதையே அழகா ரெக்கார்டுலயும் வரைஞ்சேன். நீங்க சிவப்பு மையால குறுக்கே கோடு போட்டு, 'புத்தகத்தைப் பார்த்து வரைக'ன்னு எழுதிக் குடுத்தீங்க. அதுக்கப்புறம் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரையுதேன். 'நன்று' போடுதீங்க." அவன் சிரிக்க முயன்றான். "எல்லாருக்கும் தெரியுறது எனக்கு மட்டும் தெரியலன்னா எனக்கு இதுக்குண்டான கண்ணில்லன்னுதானே அர்த்தம்? செல்போன்னா கையில பிடிச்சுப் பார்க்கலாம்."

பவதாரணிக்கு நினைவு வந்தது. அவள் வேலையில் சேர்ந்த புதிதில் கண்ட படம் அது. வளைந்த கோடுகள், ஒன்றைவிட ஒன்று நீளமாக, நுனி மெலிந்து, கவனமாக வரைந்தவை. எந்த விலங்கின் எந்த உறுப்பும் அப்படி இல்லை என்று சிரித்துக்கொண்டே கோடு போட்டாள். இப்போது அது என்னவென்று அவளுக்கு விளங்கியது.

"இசக்கி, அது உன் கண் இமை முடி."

அவன் விழித்தான்.

"லென்ஸ்ல கண்ணை ஒட்ட வச்சா நம்ம இமை முடிதான் நமக்குத் தெரியும். வகுப்புல நீ ஒருத்தன்தான் பார்த்ததை வரைஞ்சிருக்கே. அதைத்தான் நான் அடிச்சுட்டேன்." அவள் குரல் தழைந்தது. "இப்ப நீ வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி, இல்லாத ஹைட்ராவுக்கு ஆறு கைன்னு மேடத்துக்கிட்டச் சொன்னேன் நான்."

"நீங்களா மேடம்?"

"நானேதான்."

அவன் அன்னபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பவதாரணி எழுந்தாள். சன்னலுக்கு வெளியே பாசி படர்ந்த தொட்டியிலிருந்து ஒரு சொட்டு நீர் எடுத்து, துடைத்து வைத்திருந்த வேறொரு தகட்டில் விட்டு, நுண்ணோக்கியில் வைத்தாள். பழக்கத்தில் அவள் கை திருகுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டினாள்.

"கண்ணைக் கொஞ்சம் தள்ளி வை. இன்னொரு கண்ணை மூடாதே. திருகை நீயே திருப்பு."

"தொடக்கூடாதே மேடம்?"

"தொடு."

அவன் தொட்டான். திருகைத் திருப்பினான். அவன் தவறான பக்கம் திருப்புவது பவதாரணிக்குத் தெரிந்தது. கை துறுதுறுத்தது. ஒரு முறை முன்னால் நகர்ந்தும்விட்டாள். அன்னபாக்கியம் அவள் முந்தானை நுனியை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

வராண்டாவில் பிள்ளைகள் கலைந்துபோகும் இரைச்சல் எழுந்து அடங்கியது.

"மேடம்!"

"ம்."

"ஒண்ணு நிக்குது மேடம். காம்பு மாதிரி. மேல மணியைக் கவுத்து வச்ச மாதிரி தலை."

அதன் பெயர் பவதாரணியின் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"வேற?"

"சட்டுனு காம்பு சுருண்டுக்கிடுது. எங்கேயும் போகல, அங்கேயே கிடக்கு. இப்ப மெதுவா நீளுது... மறுபடியும் சுருண்டுட்டு. பயந்துக்கிடுதோ? யாரைப் பார்த்து மேடம்? பக்கத்துல யாருமே இல்லயே?"

அவன் பதிலுக்குக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. திருகைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் கொஞ்சம் இந்தப் பக்கமும் அசைத்துக்கொண்டே இருந்தான்.

அலுவலக மாடியில் மணி அடித்தது. எழுத்தர்கள் மேசைகளைப் பூட்டும் நேரம். பவதாரணி கடிகாரத்தைப் பார்த்தாள். குனிந்திருந்த அந்த நெடிய முதுகைப் பார்த்தாள். பிறகு அன்னபாக்கியத்தின் அருகில் வந்து, மூச்சுக் குரலில் கேட்டாள்.

"மேடம், ஆபீஸை மூடுறாங்க. இப்பப் போனாத்தான் டி.சி. எழுதிக் கொடுக்க முடியும். போன்னு சொல்லவா, இருன்னு சொல்லவா? நான் என்ன சொல்லணும்?"

அன்னபாக்கியம் துடைத்த தகட்டைக் கீழே வைத்தார். அவரும் மூச்சுக் குரலிலேயே சொன்னார்.

"அவன் இன்னும் கண்ணை எடுக்கலையே, பவா."