பளபளத்த அம்பு

"கத்தி தீட்டக் கல்லில் உட்காரும்போது கோபத்தைக் கையில் வைக்காதே, வயிற்றில் வை" என்றோ, வயிற்றில் வைக்காதே என்றோ எங்கள் பெரிய தாய்மாமா சொல்வார். எது சரியென்று இப்போது நினைவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவர் சொல்லும் கதை மட்டும் மறக்கவில்லை.

வெண்குன்றூர்ச் சீமை என்று ஒன்று இருந்த காலத்தில், அதை வீரபாகு என்று ஒரு ராஜா ஆண்டார். அவரை ஆண்டது அவருடைய கோபம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அங்கே பாரிவேட்டை. ராஜா ஆற்றங்கரைக் காட்டுக்கு வந்து, ஊர்ச்சனம் பார்த்திருக்க முதல் அம்பை விடவேண்டும். அது பாய்ந்தால் அந்த ஆண்டு சீமைக்கு நல்லது என்று நம்பிக்கை. அந்த வருஷமும் அம்பு குறிதவறாமல்தான் போனது. காட்டுப்பன்றியின் தோளில் பட்டது. பட்டுக் கீழே விழுந்தது. பன்றி ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"எவன் சிரித்தது? எவன் தீட்டினான் இந்த அம்பை?" என்று ராஜா கத்தியதில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தன.

"சடையன், மகாராஜா!" என்று முந்திக்கொண்டார் தளவாய் கங்காதரர். ஆயுதக் கொட்டடி அவர் பொறுப்பில் இருந்தது. சடையனை அங்கே வேலைக்குச் சேர்த்தவர் மந்திரி அழகம்பெருமாள். மந்திரிக்கு வேண்டியவர் யாரையும் தளவாய்க்கு ஆகாது. "வேண்டுமென்றே மொட்டையாக்கியிருக்கிறான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ!" என்று மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

சடையனை இழுத்துவந்தார்கள். அவனும் கோபத்தில் ராஜாவுக்குச் சளைத்தவன் இல்லை. கீழே கிடந்த அம்பை எடுத்துப் பார்த்தான்.

"மகாராசா, நான் தீட்டினா விளிம்பு மட்டுந்தான் வெளுக்கும். மத்த இடமெல்லாம் கறுப்பாவே கிடக்கும். இது முழுசும் பளபளங்குது. எனக்கப்புறம் இதுல எவன் கை வச்சது?"

"என்னையே கேள்வி கேட்கிறாயா? கட்டைவிரலை வெட்டுங்கள் இவனுக்கு! வெட்டுகிற கத்தியையும் இவனே தீட்டட்டும்!"

கட்டைவிரல் போனால் சடையனுக்கு அரிவாளும் இல்லை, அம்பும் இல்லை, பிழைப்பும் இல்லை.

சடையன் ஆற்றோரப் பாறையில் போய் உட்கார்ந்தான். ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியைக் கல்லில் வைத்தான். முகம் கொதித்தது, கை மட்டும் பதறாமல் போய்வந்தது. முடித்ததும் எழுந்து, கத்தியை ராஜாவின் காலடியில் வைத்தான்.

ராஜா அதை எடுத்து, பக்கத்திலிருந்த நாணலில் ஒரு வீச்சு வீசினார். நாணல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஓகோ! இப்போது மட்டும் தீட்டத் தெரிகிறதோ?"

"அம்பையும் இப்படித்தான் தீட்டினேன்."

ராஜா கத்தியை ஓங்கினார். அப்போதுதான் மந்திரி வாயைத் திறந்தார்.

"தாராளமாக வெட்டுங்கள், அரசே. ஆனால் பூஜை முடிந்த மறுநாளில் இப்படிக் கறுத்த கத்தியை நீங்கள் தொடலாமா? அந்த அம்பு எப்படி இருந்தது! நீங்கள் வில்லை வளைத்தபோது அதில் என் மீசை தெரிந்தது. அதைத் துலக்கிய புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு மரியாதை செய்து, இதையும் அவர் கையாலேயே துலக்கச் சொல்லுங்கள்."

தளவாய்க்கு மார்பு விரிந்தது. "அடியேன்தான் மகாராஜா! பூஜைக்கு முந்தின நாள் பொழுதெல்லாம் உட்கார்ந்து என் கையாலேயே துலக்கினேன். வேலைக்காரனைத் தொடக்கூட விடவில்லை."

"அப்படியா? செய்யும்" என்றார் ராஜா.

சமையல் கூடாரத்திலிருந்து புளியும் செங்கல்தூளும் வந்தன. தளவாய் சம்மணம் போட்டு, குத்துவிளக்குத் துலக்குவதுபோல் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். விளிம்பைக்கூட விடவில்லை. கத்தி கண்ணைப் பறித்தது.

"இன்னும் கொஞ்சம், தளவாய். அந்த ஓரம்" என்றார் மந்திரி.

துலக்கிய கத்தியை ராஜா வாங்கி, மறுபடியும் நாணலில் வீசினார். நாணல் சாய்ந்தது, நிமிர்ந்துகொண்டது. இன்னொரு வீச்சு. மறுபடி நிமிர்ந்தது. பந்திக்கு வைத்திருந்த வாழையிலையை எடுத்து அறுத்தார். கிழிந்தது.

ராஜா மெல்லத் திரும்பினார். தளவாய்க்கு வேர்த்துவிட்டது.

"மகாராஜா... தாங்கள்தானே... 'நம் அம்பெல்லாம் அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது, சனங்கள் பார்க்கப் பளபளக்க வேண்டும்' என்று..."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். அப்புறம் கைக்கடகத்தைக் கழற்றிச் சடையனிடம் நீட்டினார்.

சடையன் கையை நீட்டவில்லை.

"தேய்ச்சது அவரு. தேய்க்கச் சொன்னது நீங்க. விரலு மட்டும் என்னுதா, சாமி?" என்றான். "அந்தக் கத்தியையும் என்னையே தீட்ட வச்சீங்களே! இனிமே இந்தக் கை அரண்மனை இரும்பைத் தொடாது."

"ராஜநிந்தனை!" என்று குதித்தார் தளவாய். "இவன் நாக்கை வெட்டச் சொல்லுங்கள், மகாராஜா!"

"எதைக்கொண்டு வெட்டுவதாம்?" என்றார் மந்திரி. "கத்தியைத்தான் நீர் துலக்கிவிட்டீரே."

கூட்டத்தில் மறுபடி யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை எவன் என்று ராஜா கேட்கவில்லை. சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கிப் போய்விட்டான். ராஜா கடகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஈரம் காயாத அந்தப் பாறையைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த வருஷத்திலிருந்து பாரிவேட்டை அம்பை அந்தப் பாறையில் உட்கார்ந்து தாமே தீட்டுவது என்றும், தளவாய் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவது என்றும் ராஜா முடிவு செய்தார்.