ரெண்டு விசில்

இந்தக் கதையில் ஒருவர் சிரிப்பார். வயிறு குலுங்கச் சிரிப்பார். ஆனால் இப்போது இல்லை. பொறுக்க முடியாதவர்கள் கடைசி வரியைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கேயும் அது இருக்காது, அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்.

இது ஒரு குரு, ஒரு சீடர் கதை. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். குருவின் பெயர் சபுரா. வயது இருபத்தெட்டு. தலையில் முக்காடு, தோளில் லேப்டாப் பை.

சீடர் சண்முகையாவுக்கு நாற்பத்தைந்து. மினி பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆள் ஏறவில்லை என்று முதலாளி வண்டியை நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் நூலகர் சான்றிதழ் படிப்பில் வந்து சேர்ந்தார்.

மலையடிவாரத்தில் ஓர் அறக்கட்டளை நூலகம். கீழே புத்தகங்கள், மாடியில் வகுப்பு. சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சண்முகையா மட்டும் மிஞ்சினார். தேறினால் கீழ்த்தளத்து நூலகர் வேலை அவருக்கு. கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றாயிற்று. இன்னொரு முறை தோற்றால் மறுபடி எழுத விதியில்லை. அதுவரை மனைவி பேச்சி சுற்றும் பீடியில்தான் அடுப்பு எரிகிறது.

எப்படித் தோற்றார் என்பதையும் சொல்லிவிடலாம். இதற்கும் யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் ஒரு புத்தகத்தைத் தேடச் சொன்னார். திரை உறைந்து நின்றது. சண்முகையா பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் படபடவென்று தட்டி, "போலாம் ரைட்" என்றார். தேர்வாளர் எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்த தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது அவர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் நின்னுக்கிடுதேன் டீச்சர்."

"ஏன் அண்ணாச்சி?"

"அந்த மவுஸ் எனக்கு அடங்க மாட்டேங்கு. நான் கிழக்க இழுத்தா அது மேக்க போவுது."

"அதுதான் காரணமா?"

சண்முகையா வாசலைக் காட்டினார். செருப்பு விடும் இடத்தில் இரண்டு ஜோடி கிடந்தன. ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது.

"நான் வந்த நாள்ல இருந்து பாக்கேன். மூணாவது ஜோடி கிடந்ததே இல்ல. ஆள் ஏறாத வண்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் டீச்சர். அதுல இருந்து இறங்கித்தான் இங்க வந்தேன். ஆளே வராத இடத்துக்கு நூலகர் எதுக்கு?"

சபுரா அலமாரிப் பக்கம் நடந்தாள். வாசலோரத் தட்டில் சமையலும் சோதிடமும் தேர்வு வழிகாட்டிகளும் கலந்து நின்றன.

"வகை எண்படிதானே அடுக்கச் சொன்னேன்?"

"சீக்கிரம் போற புஸ்தகத்தை வாசப்பக்கம் வச்சேன். பக்கத்து ஸ்டாப்புல இறங்குற ஆளை உள்ள தள்ளி விடக்கூடாதுல்லா."

குரு சிரிக்கவில்லை. சொன்னேனே, இப்போது இல்லை.

"ஆள் நேர்ல வர்றதில்ல, நிஜம்தான்" என்றாள். "நம்ம இணையப் பக்கத்துல கேள்வி அனுப்புவாங்க. இதுவரைக்கும் நான் பதில் எழுதினேன். நாளையில இருந்து நீங்க எழுதுங்க."

"வெளியாளுக்கா? தப்பாப் போயிட்டுன்னா?"

"திட்டுவாங்க. பஸ்ஸுல யாரும் திட்டினதில்லையா?"



மறுநாள் காலை அவர் கீழே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வினாத்தாள் தயாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு சபுரா மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்றது.

"மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, அருணாசலம், போஸ்ட் மாஸ்டர் (ஓய்வு), எழுதிக்கொள்வது. கிணறு வெட்டுதல் குறித்த நூலொன்று தங்களிடம் உண்டு. அட்டை சிவப்பு. பன்னிரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். கறை என்னுடையது. அப்பக்கம் உடனே வேண்டும்."

சண்முகையா எழுந்து நின்று படித்தார். பிறகு உட்கார்ந்து, தேடும் கட்டத்தில் ஒரு விரலால் 'கிணறு' என்று அடித்தார். புத்தகம் கிடைத்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டு அலமாரிக்கு ஓடினார். சிவப்பு அட்டை இருந்தது. எண்ணெய்க் கறையும் இருந்தது. அதை ஸ்கேன் செய்து அனுப்பி முடிக்க மதியமாகிவிட்டது.

பதில் வந்தது. "பக்கம் பெற்றேன். அதில் கட்டைவிரல் ஒன்றும் காணப்படுகிறது. அது நூலின் பகுதியா, தங்களுடையதா?"

சண்முகையா மாடிப்படியில் நின்று கத்தினார். "டீச்சர், விரல் இல்லாம எப்படிப் படம் பிடிக்கது?"

"மூடியை மூடணும் அண்ணாச்சி."

அடுத்து ஒரு பையன் எழுதினான். "அங்கிள் டைனோசர் படம் உள்ள பக்கம் மட்டும் அனுப்புங்க. எழுத்து வேணாம். நாளைக்கு ப்ராஜெக்ட். மிஸ் அடிக்கும்." எழுத்தை நீக்கிப் படத்தை மட்டும் வெட்டி எடுக்க சண்முகையா ஒரு நாள் முழுக்கப் போராடினார். முதலில் தலை இல்லாத டைனோசர் போனது. பிறகு வால் இல்லாதது. "அங்கிள் முழுசா ஒண்ணு" என்று கெஞ்சினான் பையன்.

அப்புறம் தையற்கடை அக்கா. "யப்பா, பிளவுஸ் கழுத்து டிசைன் உள்ள புக்கை எடு. ஜன்னல் வச்சது. சீக்கிரம், ஆளு நிக்காவ. அது இல்ல. அதுவும் இல்ல. நீ கட்டினவளுக்குத் துணி எடுத்ததே இல்லியா?"

போஸ்ட் மாஸ்டர் தினமும் வந்தார். தினமும் திட்டினார். நகல் மங்கல் என்றார். பக்கம் தலைகீழ் என்றார். பதிலில் வணக்கம் இல்லை என்றார். நிரந்தரமான ஆளா, தற்காலிகமா என்று கேட்டார். "தற்காலிகந்தான் ஐயா" என்று சண்முகையா உண்மையைச் சொன்னார். "நாம் எல்லாருமே" என்று பதில் வந்தது.

மவுஸ் எப்போது அடங்கியது என்று சண்முகையாவுக்குத் தெரியாது. கேள்வி வந்தால் எண்ணைத் தேடுவார், எடுப்பார், மூடியை மூடுவார், இணைப்பார், அனுப்புவார். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வாய்க்குள் "ரைட்" என்பார். வாசலோரத் தட்டைக் கலைத்து, எல்லாவற்றையும் வகை எண்படி அடுக்கினார். இல்லாவிட்டால் கேள்வி கேட்டவரைக் காக்கவைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் பேச்சியிடம் சொல்வார். "அந்தப் பயலுக்கு ப்ராஜெக்ட்ல மார்க் வந்துட்டாம். டைனோசருக்கு."

"யார் வீட்டுப் பயலாம்?"

"தெரியலியே. நல்ல பய."

சாயங்காலம் செருப்பு மாட்டும்போது மட்டும் கண் அந்த இடத்துக்குப் போகும். எப்போதும் இரண்டே ஜோடி. அவருக்கு அது முன்போல உறுத்தவில்லை. ஆட்கள்தான் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவ்வளவுதானே.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம். மின்விசிறி பழுதாகி நின்றிருந்தது. தெருவில் சத்தமே இல்லை. 'டிங்' என்றது.

"நூலகரே, நேற்றுக் கேட்ட நூலின் கடைசி அத்தியாயம் இன்னும் வந்தபாடில்லை. எனக்கு வயது எழுபத்தெட்டு. தாங்கள் அனுப்புவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருக்கிறது."

சண்முகையாவின் விரல்கள் தாமாகவே அடித்தன. "ஐயா அவசரப்பட்டு இறங்காதீங்க. வண்டி நின்ன பெறவு இறங்கலாம்."

அனுப்பினார். "ரைட்."

மேலே மாடியில் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, அடங்காமல், இருமலாக மாறி, மறுபடி சிரிப்பாகவே வந்தது.

சண்முகையா அண்ணாந்து பார்த்தார்.

டீச்சர் இத்தனை நாளில் சிரித்ததே இல்லை. போனில் ஏதோ பார்க்கிறாள் போல. இருக்கட்டும். மெதுவாக இன்னொரு வரி அடித்தார். "படிக்கட்டுல தொங்காம உள்ள ஏறி வாங்க. உள்ள எல்லா சீட்டும் காலிதான்."

அனுப்பினார். "ரைட்" என்று சொல்லவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேலே பாதிச் சிரிப்பு எழுந்தது. எழுந்ததும் அறுந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினார். வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. சபுரா லேப்டாப்பை மூடவில்லை. திரையில் அவர் எழுதிய வரி தெரிந்தது. உள்ள எல்லா சீட்டும் காலிதான்.

அவர் குனிந்து அதைப் படித்தார்.

"போஸ்ட் மாஸ்டர்?" என்றார் கடைசியில்.

"இருந்தாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி, தினம் கீழ வந்து இதே மாதிரிதான் திட்டுவாங்க. போன ஆடியில இறந்துட்டாங்க."

"கறை?"

"அவங்க கறைதான்."

"தையற்கடை அக்கா?"

"வீடியோ பாத்துத் தைக்காங்க."

"அந்தப் பய?"

"அவனுக்கு அவங்க அப்பா போன் வாங்கிக் குடுத்துட்டாரு அண்ணாச்சி."

"மார்க்கு வந்ததுன்னு பேச்சிகிட்ட சொன்னேனே."

சபுரா தலையைக் குனிந்துகொண்டாள். சற்றுமுன் சிரித்த முகம் அது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"வெளியில இருந்து ஒரு கேள்வி? ஒண்ணே ஒண்ணு?"

"வரல."

"அப்ப நான் அன்னைக்குக் கேட்டது சரிதான். ஆளே இல்ல."

"சரிதான்."

சண்முகையா அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார் போலும்.

"நாளைக்கு நான் பாஸாயிருவேன் டீச்சர். எனக்கே தெரியுது. பாஸாயி கீழ வந்து உக்காருவேன். வகுப்பு முடிஞ்சா நீங்களும் மாத்தலாயிப் போயிருவிய. பெறவு அந்தப் பொட்டி 'டிங்'குன்னே சொல்லாது. நான் எதுக்கு உக்காந்திருக்கணும்?"

சபுரா அவரை உட்காரச் சொல்லவில்லை. தானும் எழுந்து நின்றாள்.

"உங்க வண்டி கடைசியா ஓடின நாள் ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"ஒருத்தரும் ஏறல. டிரைவரும் நானும்தான்."

"நேரா ஷெட்டுக்குப் போயிட்டீங்களா?"

"அதெப்படி? எல்லா ஸ்டாப்புலயும் நிறுத்தினோம்."

"ஆள் இல்லாத ஸ்டாப்புலயும்?"

"நிறுத்தினாத்தானே ஆள் இல்லன்னு தெரியும்."

"நிறுத்தி?"

"நிறுத்தி, பாத்துட்டு, போலாம்னு ரெண்டு விசில் குடுத்தேன்."

"ஒவ்வொரு ஸ்டாப்புலயும்?"

"ஒவ்வொரு ஸ்டாப்புலயும்."

"யாரும் ஏறலைன்னு டிரைவருக்குக் கண்ணாடியிலயே தெரிஞ்சிருக்கும்" என்றாள் குரு. "யாருக்குக் குடுத்தீங்க?"

சண்முகையா கீழே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.