தளவாயின் மாடியும் வாடிய தாம்பூலமும்

முன்னொரு காலத்தில், தென்னை மரங்கள் அரண்மனையை எட்டிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருந்த ஒரு ராஜ்யத்தில், ராஜாவுக்குத் திடீரென்று சட்டம் எழுதும் ஆசை வந்தது. ராஜாக்களுக்கு வருகிற ஆசைகளிலேயே ஆபத்தானது இதுதான். யானை வாங்க ஆசைப்பட்டால் கஜானாவோடு போகும். சட்டம் எழுத ஆசைப்பட்டால் ஊரே அதற்கு அடியில் படுக்க வேண்டும்.

எழுதிய சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். அடுத்தவர் வீட்டு அந்தரங்கத்தை எட்டிப் பார்ப்பது குற்றம். கேட்டதும் ஊர்ப் பெண்களெல்லாம் ராஜாவை வாழ்த்தினார்கள். தண்டனை என்ன என்று தர்மாதிகாரி வாசித்த பிறகுதான் வாழ்த்தியது பாதியில் நின்றது. தாழ்ந்த இடத்தில் இருப்பவர் உயர்ந்த இடத்து வீட்டைப் பார்த்தால், பார்த்த கண் போகும். உயர்ந்த இடத்தவர் தாழ்ந்த இடத்து வீட்டைப் பார்த்தால், அந்த வீட்டாருக்கு ஒரு தட்டுத் தாம்பூலம் வரும்.

பார்த்தீர்களா நியாயத்தை. இவர்கள் பார்த்தால் கண். அவர்கள் பார்த்தால் வெற்றிலை.

அரண்மனை விதூஷகன் குழைக்காதன் அன்றைக்கே முகம் சுளித்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அந்த வேலைக்காக ராஜாவின் பக்கத்திலேயே அவனுக்கு ஓர் ஆசனம் கொடுத்திருந்தார்கள். அந்த ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் தளவாய் கிடாரங்கொண்டானுக்கும் தர்மாதிகாரிக்கும் வயிறு எரியும். படை நடத்துகிற நான் நிற்கிறேன், பல்லைக் காட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது தளவாயின் நிரந்தர வருத்தம்.

அந்தத் தளவாய், போர் எதுவும் இல்லாத காலத்தில், வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டினார். காற்றுக்காக என்றார். காற்று நான்கு திசையிலும் வரும். தளவாயின் பலகணி மட்டும் ஒரே திசையில் இருந்தது. அதற்கு நேர் கீழே, தேங்காய் பறிக்கும் இசக்கியின் வீட்டுப் புறக்கடை. அங்கே ஓலைத்தட்டியால் கட்டிய குளிக்கிற மறைப்பு. அதற்குள் குளிக்க வருகிறவள் இசக்கியின் மனைவி உலகம்மை.

மற்ற பெண்களாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருட்டில் குளித்திருப்பார்கள். தெருவில் பலர் அப்படித்தான் செய்தார்கள். உலகம்மை ஈரத்தலையோடு நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராஜா, தளவாய் அய்யா மாடியில இருந்து நான் குளிக்கிறதப் பாக்காரு. ஒரு நாள் இல்ல, தெனமும் பாக்காரு."

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். "மறைப்புக்கு மேலே ஒரு கூரை போட்டுக்கொண்டால் இந்தச் சங்கடமே இல்லையே."

"நீங்க மாடி கட்டுததுக்கு முன்னால எங்களுக்கு மேல வானம் மட்டுந்தான் இருந்துச்சு அய்யா. அது யாரையும் உத்துப் பாக்காது."

சபையில் யாரோ சிரித்து, பிறகு இருமினார்கள். தர்மாதிகாரி சட்டத்தை வாசித்தார். ராஜா தலையசைத்தார். உலகம்மையின் கையில் ஒரு தட்டுத் தாம்பூலத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். வாசலில் நின்று அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் குழைக்காதன் கவனித்தான்.

"இத மெல்லப் போறியாம்மா?" என்றான் மெதுவாக.

"தொண்டையில எறங்குமா சாமி? வாடட்டும். வீட்டுலயே வச்சிருக்கேன்."

கதை அதோடு முடிந்திருந்தால் தளவாய்க்கு நல்லது. ஆனால் ஒரு தேங்காய் பறிக்கிறவன் பெண்டாட்டி சபையில் தன் பெயரைச் சொல்லிவிட்டாளே என்ற காந்தல் அவருக்கு அடங்கவில்லை. சில நாள் கழித்து இசக்கியைக் கையைக் கட்டி இழுத்து வந்தார்.

"மகாராஜா, அந்தப்புரத் தோட்டத்துத் தென்னையில் இவன் ஏறியிருந்தான். மகாராணியார் நீராடும் வேளை. குளம் நேர் கீழே."

ராஜாவின் முகம் சிவந்தது. இசக்கி ஒல்லியான ஆள், மார்பிலும் பாதத்திலும் மரத்தில் தேய்ந்த காய்ப்பு.

"சாமி, அரண்மனையில கூப்பிட்டாங்கன்னுதான் ஏறுனேன். ஏறுததுக்கு முன்னால கூவினேன் சாமி. கூவாம நான் எந்த மரத்துலயும் காலு வச்சதில்ல."

இது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். தேங்காய் பறிக்கிறவர்கள் மரத்தடியில் நின்று, "ஏறுறேன் தாயி... ஏறுறேன்..." என்று நீட்டிக் கூவுவார்கள். அக்கம்பக்கத்துப் புறக்கடைகளில் குளிக்கிறவர்கள், துணி மாற்றுகிறவர்கள் எல்லாம் சுதாரித்துக்கொள்ள அவகாசம் கொடுத்துக் காத்திருப்பார்கள். எந்த ராஜாவும் எழுதாத சட்டம். யாரும் மீறியதும் இல்லை. இசக்கியின் குரலோ நாலு தெரு தாண்டிக் கேட்கும்.

"கூவினால் போதும் என்று சட்டத்தில் இல்லை" என்றார் தர்மாதிகாரி. "பார்த்த கண் போக வேண்டும். நாளை உச்சிவேளைக்குள்."

குழைக்காதன் ஆசனத்தை விட்டு எழுந்தான். எப்போதும் நாக்கின் நுனியில் இருக்கும் வேடிக்கை அன்றைக்கு வரவில்லை.

"மகாராஜா, ஒரு சந்தேகம். கண் என்பது எல்லாருக்கும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது. தளவாய் பார்த்தால் தாம்பூலம், இவன் பார்த்தால் கண் என்றால், இரண்டு பார்வைக்கும் நடுவில் என்ன வித்தியாசம்?"

தர்மாதிகாரி கனைத்துக்கொண்டார். "பெரியோர் பார்வை இலேசானது. பூ விழுவது போல. சிறியோர் பார்வை கனமானது. கல் விழுவது போல."

இந்த விளக்கம் ராஜாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"எந்தத் தராசில் எடை போட்டீர்கள்?" என்று கேட்டான் குழைக்காதன்.

தளவாய்க்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. "மகாராஜா, கேட்கிறவனே போட்டுக் காட்டட்டுமே. பார்வைக்கு எடை போடத் தெரியாதவன் தங்கள் சட்டத்தில் குறை சொல்லலாமா?"

ராஜா தொடையைத் தட்டினார். "நல்ல யோசனை. குழைக்காதா, நாளை உச்சிவேளைக்குள் பெரியவர் பார்வைக்கும் சிறியவர் பார்வைக்கும் எடை போட்டுக் காட்டு. காட்டினால் இவன் கண் பிழைக்கும். காட்டாவிட்டால் இவன் கண்ணோடு உன் கண்ணும் போகும்."

"உத்தரவு மகாராஜா. ஆனால் பட்டும் நகையும் பார்வையை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் மேனியில்தான் எடை சரியாக நிற்கும். நாளை சனிக்கிழமை. தாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் முற்றத்திலேயே வைத்துக்கொள்ளலாமா?"

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கிற ஆசை. சம்மதித்துவிட்டார்.

மறுநாள் காலையில் குளிக்கும் முற்றத்தைச் சுற்றிப் புதிதாக ஓலைத்தட்டி நின்றது. உலகம்மை வீட்டு மறைப்பைப் போலவே கட்டச் சொல்லியிருந்தான். தட்டியில் இடப்பக்கம் இரண்டு துளை, வலப்பக்கம் இரண்டு துளை. வெளியே கூடியிருந்த சபையோரிடம் குழைக்காதன் கைகூப்பிச் சொன்னான்.

"பெரியோர்களே, யாரும் கிட்டே வரவேண்டாம். முக்கியமாக, இடப்பக்கத் தட்டியில் இரண்டு துளை இருக்கிறது. அதன் வழியாக உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். தயவுசெய்து யாரும் பார்த்துவிடாதீர்கள்."

இப்படிச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கே கால் நிற்காது. தளவாய்க்கு எப்படி நிற்கும்? குழைக்காதன் உள்ளே போகும்வரை பொறுத்தார். அதுவே பெரிய காரியம்.

உள்ளே ராஜா மணையில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கோவணம். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். கிரீடம் இல்லாத தலையில் முடியும் அதிகம் இல்லை. துண்டு மட்டும் எட்டாத தூரத்தில் தொங்கியது.

"தராசு எங்கே?"

"தாங்கள்தான் மகாராஜா. கல் விழுந்தால் எறிந்தவனுக்கா வலிக்கும்? யார்மேல் விழுந்ததோ அவரைத்தானே கேட்க வேண்டும். பார்வை தங்கள்மேல் விழும். எது கனம், எது இலேசு என்று தாங்களே சொல்லுங்கள். ஒரு பக்கம் பெரிய இடத்துக் கண் இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாது."

ராஜா சிரித்தார். வலப்பக்கத் துளையில் ஏற்கனவே இரண்டு கண்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கத் துளையிலும் இரண்டு கண்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

ராஜாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. காலை மடக்கினார். பிறகு கையால் மார்பை மறைத்தார். மார்பை மறைத்தால் தொந்தி தெரிந்தது. இரண்டு கை போதவில்லை.

"குழைக்காதா, அந்தத் துண்டை எடு."

"எடை இன்னும் முடியவில்லை மகாராஜா."

"வலப்பக்கம் ஒன்றும் செய்யவில்லை. அசையாமல், மரியாதையாக இருக்கிறது. பெரிய இடத்துக் கண் என்று பார்த்தாலே தெரிகிறது."

"இடப்பக்கம்?"

"ஊர்கிறதடா. கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல மேலெல்லாம் ஊர்கிறது. என் தொந்தியில் நின்று திரும்பத் திரும்ப வருகிறது. இது பார்வையா? பாறாங்கல். எந்த இழிபிறவியின் கண் அது? பிடித்து வா. இப்போதே பிடுங்கு."

குழைக்காதன் தட்டியின் கயிற்றை இழுத்தான். இடப்பக்கத் தட்டி சரிந்தது. அதற்குப் பின்னால், குனிந்து, முழங்காலில் கையூன்றி, வாய் பிளந்தபடி நின்றவர் தளவாய் கிடாரங்கொண்டான்.

வலப்பக்கத் தட்டியும் சரிந்தது. அங்கே யாரும் இல்லை. தட்டியின் பின்புறத்தில் நடுவே கண்மைப் பொட்டு வைத்த இரண்டு நுங்குகள் ஒட்டியிருந்தன.

சபையோர் வானத்தைப் பார்த்தார்கள். ராஜா துண்டுக்கு ஓடினார்.

துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்பியபோது, கட்டுண்ட கணவனோடு வெளியே நின்றிருந்த உலகம்மை எதிரே வந்து ஒரு தட்டை நீட்டினாள். வெற்றிலை கருகிச் சுருண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் ராஜா.

"பாத்ததுக்குத் தாம்பூலம் மகாராஜா" என்றாள் அவள். "எனக்குக் குடுத்ததுதான். அப்படியே வச்சிருந்தேன். எடுத்துக்கிடுங்க, மனசு ஆறிரும்."

ராஜா அந்த வெற்றிலையைப் பார்த்தார். எண்ணெய் அவர் நெற்றியிலிருந்து சொட்டியது.

"மகாராஜா" என்றான் குழைக்காதன், "இசக்கி கூவினானா இல்லையா என்று மகாராணியாரை யாராவது கேட்டோமா?"

கேட்கவில்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். பார்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் விசாரித்து முடித்த வழக்கு அது. ராஜா துண்டோடு அந்தப்புரத்துக்குப் போனார். போன வேகம் திரும்பி வரும்போது இல்லை.

"அவன் குரல் கேட்டதும் உள்ளே போய்விட்டாளாம்" என்றார். "என்னை யார் கேட்டீர்கள் என்று கேட்கிறாள்."

இசக்கியின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் கைகள் முதலில் போனது கண்களுக்குத்தான்.

ராஜாவின் கோபம் இப்போது தளவாய் பக்கம் திரும்பியது. "இவர் கண்ணைப் பிடுங்குங்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்."

தளவாய் ராஜாவின் காலில் விழுந்தார். மீசையில் எண்ணெய் ஒட்டியது.

"அதுவும் வேண்டாம் மகாராஜா" என்றான் குழைக்காதன். "தவறாகப் போட்ட தராசில் இந்தத் தட்டுக்குப் பதில் அந்தத் தட்டு என்று மாற்றினால் நியாயம் ஆகிவிடாது. பார்க்கப்பட்டவள் நிற்கிறாள். அவளைக் கேளுங்கள்."

உலகம்மை யோசித்தாள். "அந்தக் கண்ண வச்சு நான் என்ன செய்ய? கோழி கூடக் கொத்தாது. எங்க வீட்டுக்காரரு மாதிரி, மாடி ஏறுததுக்கு முன்னால கீழ நின்னு கூவட்டும். நாங்க சரின்னு சொன்னப் பொறவு ஏறட்டும். கூவாம ஏறுனா மாடிய இடிச்சிருங்க."

அன்றைக்கே பழைய சட்டத்தை அழித்தார்கள். உயரம் ஏறுகிறவர் யாராக இருந்தாலும், மரமோ மாடியோ, கூவி, பதில் கேட்டு, பிறகு ஏற வேண்டும். மீறினால் அந்த உயரம் அவருக்குக் கிடையாது. மரம் ஏறுகிறவனுக்கு மரம் போகும், மாடிக்காரனுக்கு மாடி போகும்.

தளவாய்க்குக் கூவக் கற்றுக்கொடுத்தவன் இசக்கி. "அய்யா, அடிவயித்துல இருந்து வரணும். 'தாயி'ங்கும்போது இன்னும் கொஞ்சம் பணிவு வேணும்" என்று திருத்திக்கொண்டே இருந்தான். மறுநாளிலிருந்து தெருவே வாசலில் வந்து நின்று கேட்டது.

"ஏறுறேன் தாயி... ஏறுறேன்..."

"பொறுங்க அய்யா, இன்னும் துண்டால தலை தோத்தல" என்று உள்ளேயிருந்து உலகம்மையின் குரல் வரும். தளவாய் படிக்கட்டின் அடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் தலைமுடி நீளம். சிக்கெடுத்து முடிக்க நேரமாகும்.

இதைக் கேள்விப்பட்டு ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன வேண்டும் குழைக்காதா, கேள்."

"ஒன்றுமில்லை மகாராஜா. தினமும் காலையில் தாங்கள் உப்பரிகையில் நின்று நகரத்தைப் பார்க்கிறீர்களே. அதுவும் உயரம்தான்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தர்மாதிகாரி மகிழ்ந்துபோனார், இவன் இன்றோடு ஒழிந்தான் என்று. ராஜா எழுந்தார். உப்பரிகைப் படியின் அடியில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏறுறேன் தாயி... ஏறுறேன்..."

தெருவில் எங்கிருந்தோ ஒரு பெண் குரல் வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க மகாராஜா, புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கேன்."

ராஜா நின்றார். நிற்க நிற்கச் சிரிப்பு பொங்கியது. சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார். அந்தப் பிள்ளை வயிறு நிறையக் குடித்து முடிக்கும்வரை, அந்த ராஜ்யத்தின் ராஜா படியின் அடியிலேயே காத்திருந்தார்.