மராமத்தில் சேர்ந்த குளியல்

மழைக்கும் மன்னருக்கும் ஊர்சனம் ஒரே மாதிரி கும்பிடு போட்டுவந்த ஒரு காலத்தில், வேளிமங்கலம் என்று ஒரு பட்டணம் இருந்தது. அதை ஆண்டவர் விசயகண்டராயர். நல்லவர்தான். காத்திருக்க மட்டும் தெரியாது.

அந்தப் பட்டணத்தின் ஏரித் தண்ணீரை நீர் வாரியம் பார்த்துக்கொண்டது. எந்த அதிகாரியும் அதில் கை வைக்க முடியாது. வாரியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரியிலிருந்து ஆகத் தள்ளி இருக்கிற தெருவுக்குத்தான் முதல் தண்ணீர். பிறகு அதற்கு முந்தின தெரு. இப்படியே வந்து வந்து, ஏரிக்கரையை ஒட்டியே இருக்கிற அரண்மனைக்குக் கடைசித் தண்ணீர். மன்னரோ புதிதாக ஒரு தெப்பக்குளம் வெட்டி, படகும் செய்து வைத்திருந்தார். முறைக்கு வந்த தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்குமே சரியாகப் போனதால், இரண்டு மாதமாகப் படகு தரையில் நின்றது. ஆள் அனுப்பிக் கேட்டால், வாரியத் தலைவி உலகம்மை, முறை வரும்போது வரும் என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

இந்த நேரம் பார்த்து மராமத்து அதிகாரி திம்மப்பர் அவையில் எழுந்தார். கோட்டை, சாலை, பாலம் எல்லாம் தன் பொறுப்பில் இருக்கும்போது தண்ணீர் மட்டும் ஏன் தனிக்குடித்தனம் நடத்த வேண்டும் என்று கேட்டார். வாரியத்தை மராமத்தில் சேர்த்துவிட்டால் மறுநாளே படகு மிதக்கும் என்றார். அவர் கட்டிக்கொண்டிருந்த நூறுகால் மண்டபத்துக்குச் சுண்ணாம்பு குழைக்கத் தண்ணீர் போதவில்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

அவை விகடர் ஆதிமூலத்தின் வீடு, ஏரியிலிருந்து ஆகத் தள்ளி இருந்த கோடித் தெருவில் இருந்தது. வாரியம் மராமத்துக்குப் போனால் தன் தெருவுக்குச் சுண்ணாம்புச் சட்டி கழுவின தண்ணீர்கூட வராது என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனவர் மன்னரின் முகத்தைப் பார்த்தார். அதில் படகு ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது. எதிர்த்துப் பேசிப் பயனில்லை.

"அருமையான யோசனை மகாராசா," என்றார். "நல்ல காரியம் தங்களிடமிருந்தே தொடங்கட்டும். சனிக்கிழமை தங்களுக்கு எண்ணெய்க் குளியல். காலையில் குளியல் தண்ணீரை மராமத்தில் சேர்ப்போம். மராமத்து வழக்கம் ஒன்றுகூடக் குறையக் கூடாது. மதியம் ஊர்த் தண்ணீரையும் சேர்த்துவிடலாம்."

மன்னர் ஆணையிட்டார். திம்மப்பர் விகடரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. உச்சி முதல் பாதம்வரை எண்ணெய். தலை நிறையச் சீயக்காய். கண்ணை மூடிக்கொண்டு மன்னர் கையை நீட்டினார். தண்ணீர் வரவில்லை. பத்தடி தள்ளி அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, மாவிலைத் தோரணம் போட்டிருந்தார்கள். பணியாட்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றார்கள். வெளியே டொக் டொக் என்று சத்தம்.

"என்னய்யா அது?"

ஆதிமூலம் பணிவாக விளக்கினார். மன்னர் பெயர் பொறித்த கல்லை நட்ட பிறகுதான் மராமத்தில் எந்த வேலையும் தொடங்கும். அது மன்னரே போட்ட ஆணை. இன்ன மன்னர் இன்ன நாளில் குளித்தருளினார் என்று சிற்பி செதுக்கிக்கொண்டிருக்கிறார்.

"எதுவரை வந்திருக்கிறான்?"

"பட்டப் பெயர்கள் நடக்கின்றன மகாராசா. முப்பத்திரண்டில் பதினொன்று முடிந்தது. இப்போது 'பகைவர் கண்ணில் நீர் வரவழைத்தவர்'."

மன்னரின் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பட்டங்களைக் குறைக்கச் சொன்னார். பட்டத்தைக் குறைப்பவன் தலையைக் குறைக்க வேண்டும் என்பதும் தாங்கள் முத்திரை வைத்துப் போட்ட ஆணைதான், அதை மாற்ற வேண்டுமானால் முத்திரை மோதிரம் வேண்டும் என்று திம்மப்பர் வெளியிலிருந்து மெல்லச் சொன்னார். மோதிரம் கடைவீதிக்கு அப்பால் கருவூலத்தில் இருந்தது. கருவூலத்தைத் திறக்க மன்னர் நேரில் போக வேண்டும். கோவணத்தோடும் சீயக்காயோடும் கடைவீதியில் நடப்பதை மன்னர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அப்போது உலகம்மை வந்தாள். மதகைத் திறக்கும் இரும்புக் கம்பியை ஒப்படைக்க வந்தவள். கம்பியோடு ஒரு குடம் ஏரித் தண்ணீரும் கொடுப்பது முறை என்பதால் இடுப்பில் குடம் இருந்தது. மன்னர் இருந்த இருப்பைப் பார்த்தாள். நேரே போய்த் தலையில் கவிழ்த்தாள்.

"கல்லு இன்னும் முடியலையே அம்மா," என்றார் திம்மப்பர்.

"கண்ணு எரியுறவங்களுக்கு முறை பார்க்கிறது கிடையாதுங்க," என்றாள் அவள்.

மன்னர் ஒரு கண்ணைத் திறந்தார். கயிற்றைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். கடைசியில் ஆதிமூலத்தைப் பார்த்தார்.

"காலையில் சேர்த்தது ஒரு அண்டாவைத்தான் மகாராசா," என்றார் ஆதிமூலம். "மதியம்தான் ஊரைச் சேர்க்கிறோம்."

மன்னர் சிரித்தார். சீயக்காய் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிரித்தார். சேர்ப்பு ரத்து, வாரியம் பழையபடி தனி என்று அங்கேயே ஆணையிட்டார். விகடருக்குப் பரிசு கொடுக்கக் கை துழாவியது. அகப்பட்டது பட்டுத் துண்டு ஒன்றுதான். அதை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

"சரி திம்மப்பரே, இனியாவது அண்டாவைத் திறக்கலாமா?"

"உடனே திறக்கலாம் மகாராசா. ரத்துக்கும் ஒரு கல் உண்டு. அதே முப்பத்திரண்டு பட்டம்தான்." சொல்லிவிட்டு, சிற்பிக்கு இன்னொரு கல் எடுத்துவரப் போனார்.

தன் ஆணையைத் தானே மீறினால் நாளை ஊர் மதிக்குமா? மன்னர் பரிதாபமாக உலகம்மை பக்கம் திரும்பினார். "முதுகெல்லாம் எண்ணெயாக இருக்கிறதம்மா. இன்னொரு குடம்..."

"வாரியம் தனின்னு இப்பத்தானே சொன்னீங்க மவராசா. இன்னிக்குக் கோடித் தெரு முறை. உங்களுக்கு வியாழக்கிழமை." வெறுங்குடத்தை இடுப்பில் வைத்து, கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

"நீராவது அவளிடம் சொல்லக் கூடாதா?" என்று ஆதிமூலத்தைக் கேட்டார் மன்னர்.

"கோடித் தெருவில்தான் அடியேன் வீடு மகாராசா. குடம் வைக்க நேரமாகிவிட்டது," என்று பட்டுத் துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு ஆதிமூலமும் நடையைக் கட்டினார்.